போக இரண்டரை, வர ஏழரை

சுஹறாவின் வாயிலிருந்து ஒரேயொரு சொல்லை வாங்குவது என்று முடிவு செய்தேன். பெரிய சொல் ஒன்றுமில்லை. "போகாதீங்க." அவ்வளவுதான். அதை அவள் சொல்லிவிட்டால் நான் கட்டாருக்குத் திரும்பிப் போகமாட்டேன். கல்முனைக் கடைத்தெருவில் பூட்டிக் கிடக்கும் என் தையற்கடையைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவேன். விடுமுறை முடிய இன்னும் ஒரு கிழமை இருந்தது. கட்டிய பெண்சாதியிடமிருந்து ஒரு கிழமைக்குள் ஒரு சொல்லை வாங்க முடியாதவன் என்ன ஆம்பிளை என்று கண்ணாடியைப் பார்த்து என்னையே கேட்டுக்கொண்டேன். கண்ணாடியும் அவளுடையதுதான்.

"அவள் சொல்லாவிட்டால் என்ன, நீயே சொல்லிவிட்டு நிற்க வேண்டியதுதானே" என்பீர்கள். நீங்கள் சுஹறாவைக் கலியாணம் முடிக்கவில்லை. அதனால் அப்படித்தான் சொல்வீர்கள்.

எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வாழப் போவான். வீடு அவளுடையது. கிணறு அவளுடையது. முற்றத்துத் தென்னையும் அதற்குக் கீழே கிளறுகிற கோழியும் அவளுடையவை. நான் கொண்டுபோனது ஒரு தையல் மெஷினும் ஒரு கத்திரிக்கோலும். மற்ற ஊர்களில் சண்டை வந்தால் புருஷன், "என் வீட்டை விட்டு வெளியே போ" என்று கத்தலாமாம். நான் அப்படிக் கத்தினால் நானே என் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போகவேண்டும். ஆகவே, சண்டைக்கு எனக்கு வேறு ஆயுதம் தேவைப்பட்டது. அல்லாஹ் ஒன்றைத் தந்தான். அதன் பெயர் குருநாகல்.

கலியாணம் முடித்த வருஷம் குருநாகலில் ஒரு பெரிய தையற்கடையில் எனக்குக் கட்டர் வேலை கிடைத்தது. துணி வெட்டுகிற வேலை. தைக்கிறவனைவிட ஒரு படி மேலே. சுஹறா அழுதாள். "போகாதீங்க" என்றாள். நின்றுவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் போக விருப்பமில்லை. ஆனால், அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லையே. அவள்தானே சொன்னாள்.

அன்றிலிருந்து கறிக்கு உப்புக் குறைந்தால், "குருநாகலுக்குப் போயிருந்தா…" என்பேன். கூரை ஒழுகினால், "குருநாகலுக்குப் போயிருந்தா…" கோழி முட்டையிடாவிட்டால்கூட குருநாகல் பக்கம் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவேன். இப்படி நாலு வருஷம் அந்த ஊரை வைத்துக் குடும்பம் நடத்தினேன். குருநாகலுக்கே அது தெரியாது.

ஒருநாள் சுஹறா அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இஞ்சாருங்க. இனி நான் மௌத்தாகிற வரைக்கும் உங்களை ஒரு இடத்துக்கும் போகாதீங்கண்டு சொல்லமாட்டன். வல்லாஹி."

அவள் சத்தியம் பண்ணினால் பண்ணியதுதான்.

அப்படியிருக்கும்போதுதான் எழுபத்தெட்டில் கட்டார் வந்தது. டோஹாவில் ஒரு தையற்கடை. அரபிகளின் நீளமான வெள்ளை அங்கிகளை வெட்டவேண்டும். கட்டர் வேலைக்குக் கட்டார் போகிறேன், கட்டுநாயக்கவில் பிளேன் ஏறுகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். சுஹறா சத்தியத்தைக் காப்பாற்றினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இரண்டு வயது நதீராவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"தூரமா?"

அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கொழும்பைவிடக் கிட்ட, புள்ள."

சொன்னதற்கு ஏற்றாற்போலவே நடந்தது. காலை பத்து மணிக்கு விமானம் ஏறினேன். டோஹாவில் இறங்கியபோது சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டரை. என் கையிலிருந்த பழைய மணிக்கூடு மூன்று என்றது. இவ்வளவு உயரத்தில் பறந்ததில் அதற்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்து, திருகிப் பன்னிரண்டரைக்கு வைத்தேன். வயிற்றில் மட்டும் மூன்று மணிப் பசி இருந்தது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அன்றைக்கே கெசட் வாங்கி, கூட்டாளி ஒருவனின் டேப் ரெக்கோடரில் பேசி ஊருக்கு அனுப்பினேன். "சுஹறா, நான் சுகமா வந்து சேர்ந்திட்டன். பத்து மணிக்கு ஏறினன், பன்னிரண்டரைக்கு இறங்கிட்டன். ரெண்டரை மணித்தியாலம்தான். கொழும்புக்கு பஸ்ஸில போய்ச் சேருற நேரத்துக்குள்ள கட்டாருக்கு நாலு தரம் போகலாம். நான் கிட்டத்தான் இரிக்கன். கவலைப்படாத."

அந்தக் கெசட்டைத் தெருவே கேட்டது.

இரண்டு வருஷம் கழித்து முதல் விடுமுறையில் வந்தபோதுதான் சிக்கல். டோஹாவில் காலை பத்துக்கு ஏறினேன். கட்டுநாயக்கவில் பின்னேரம் ஐந்தரைக்கு இறங்கினேன். வீட்டில் கால் வைத்ததும் வைக்காததுமாக அதை உளறிவிட்டேன். சுஹறா விரலை மடித்து எண்ணினாள்.

"போகக்கொள்ள ரெண்டரை. வரக்கொள்ள ஏழரை. அதென்ன அப்பிடி?"

எனக்கும் தெரியவில்லை. வாசலில் மீன் கொண்டுவந்து நின்ற சாமித்தம்பிதான் காப்பாற்றினான். பாண்டிருப்புக் கடலில் தோணி விடுகிறவன்; எங்கள் முறைப்படியே அக்காவை ராத்தா என்பான், அண்ணனைக் காக்கா என்பான்.

"இதென்ன பெரிய கதை, ராத்தா. காத்துத்தான். கச்சான் காத்துக்கு நாங்க கடலுக்குப் போகக்கொள்ள தோணி பறக்கும். வரக்கொள்ள எதிர்க்காத்தில மாரடிக்கோணும். பிளேனும் அப்பிடித்தானே."

"ஓம், எதிர்க்காத்து" என்றேன் நானும். விமானத்துக்குத் துடுப்புப் பிடித்தவன்போலத் தோளையும் கொஞ்சம் அமுக்கிவிட்டுக்கொண்டேன்.

திரும்பிப் போனபிறகு, கூட வேலைசெய்த மலையாளத்துக்காரர் ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார். அங்கே சூரியன் பிந்தி வருகிறது. அவர்களுடைய மணிக்கூடு நம்முடையதைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னுக்கு ஓடுகிறது. போவதும் ஐந்து மணித்தியாலம், வருவதும் ஐந்து மணித்தியாலம். எதிர்க்காற்றுமில்லை, ஒரு மண்ணுமில்லை. அன்று இரவு என்னால் சாப்பிட முடியவில்லை. கொழும்பைவிடக் கிட்ட என்று என்னை நானே ஏமாற்றி வைத்திருந்தேன். அது போய்விட்டது.

டோஹாவில் ஓர் அறைக்குள் ஆறு பேர் இருந்தோம். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எல்லோரும் தங்கள் தங்கள் கெசட்டைப் போட்டுக் கேட்போம். சுஹறா அனுப்புகிற கெசட்டில் அவள் பேசுவது குறைவு. சுகம், நீங்க சுகமா, நதீரா எழுத்துப் படிக்கிறாள். ஆனால், அவள் பேசுவதற்குப் பின்னால் எங்கள் முற்றம் கேட்கும். கிணற்றுக் கப்பி கிறீச்சிடும். காகம் கத்தும். ஒரு கெசட்டில் பேச்சின் நடுவே, "அடி நாசமாப்போன கோழி, அரிசிக்குள்ள என்ன வேலை உனக்கு, நான் என்ன உனக்கு வேலைக்காரியா" என்று அவள் கோழியை ஏசுகிற இடம் வரும். அதை மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்பேன். நாடா தேய்ந்தே போயிற்று. எத்தனையோ நாள் அந்தக் கோழிமேல் எனக்குப் பொறாமை வந்திருக்கிறது.

இரண்டாவது விடுமுறைக்கு வந்தபோது என் ஆசையெல்லாம் அந்த ஏச்சை நேரில் கேட்பதுதான். கேட்டேனா? இல்லை. சுஹறா என்னை விருந்தாளியாக்கிவிட்டாள். எனக்குப் பூப்போட்ட பீங்கான். எனக்குப் புதுப்பாய். சாரத்தை முற்றத்தில் போட்டாலும் ஏச்சில்லை. சுவரில் சாய்ந்து எண்ணெய்த் தலையின் அடையாளம் வைத்தாலும் ஏச்சில்லை. வேண்டுமென்றே ஒருநாள் சேற்றுக்காலோடு குசினிக்குள் போனேன். "கால் கழுவத் தண்ணி தரட்டா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏசாத வீட்டில் ஒரு மனிசன் எப்படிப் புருஷனாக இருப்பது?

ஆகவேதான் அந்த முடிவு. அவள் வாயால் "போகாதீங்க" வரவேண்டும். என் வாயால் "போகமாட்டன்" வரக்கூடாது. அவளை அழவைப்பதற்கு நான் கண்ட வழி தூரம். ஒருகாலத்தில் கிட்ட ஆக்கிய கட்டாரை இப்போது எட்ட ஆக்கவேண்டும்.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீருக்கு நல்ல இடம் என்று போய் உட்கார்ந்தேன்.

"சுஹறா, உனக்கிட்ட ஒரு உண்மை சொல்லோணும். ரெண்டரையும் பிழை, ஏழரையும் பிழை. அங்கத்த மணிக்கூடு பிந்தி ஓடுது. உண்மையாப் பார்த்தா போறதுக்கும் அஞ்சு, வாறதுக்கும் அஞ்சு."

அவள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள்.

"அப்ப வாறது ரெண்டரை மணித்தியாலம் குறைஞ்சிட்டு. அல்ஹம்துலில்லாஹ்."

"போறது கூடியிரிக்கே."

"போறதைப் பத்தி ஆருக்குக் கவலை? எனக்கு வாறதுதானே கணக்கு."

இந்தப் பதிலை அப்போதே நின்று நிதானித்துக் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. நான் மைல் கணக்குக்குத் தாவிவிட்டேன்.

"ரெண்டாயிரத்துச் சொச்சம் மைல், புள்ள. கொழும்புக்குப் பத்துத் தரம் போற தூரம்."

"கொழும்புக்குப் பத்துத் தரம் போறதெண்டா பத்து ராவு பஸ்ஸில முழிச்சிரிக்கோணும். மகியங்கனைக்கு அங்கால பதினெட்டு வளைவிலயும் வயிறு புரட்டிச் சத்தி எடுக்கோணும். உங்களை அஞ்சு மணித்தியாலத்தில, சோறும் தந்து, நோகாமக் கொண்டுபோய் இறக்கிறான். அல்லாஹ் உங்களுக்கு இலேசாக்கித் தந்திரிக்கான்."

வெங்காயம் முடிந்தது. அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. என் கண்தான் எரிந்தது.

அடுத்தநாள் கடலைப் பிடித்தேன். சாமித்தம்பி மீனோடு வந்து நின்ற நேரம் பார்த்து, குசினிக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

"கீழ முழுக்கக் கடல்தான், சாமித்தம்பி. ஒரு துண்டு நிலம் இல்ல. ஏதும் நடந்தா ஆர் எடுக்கிற?"

"பயப்படாதீங்க காக்கா. நான் சின்ன வயசில இருந்து கடலுக்கு மேலதான். அதுவும் பலகைத் தோணியில. நீங்க கதிரையில இரிந்து அஞ்சு மணித்தியாலம்தானே."

உள்ளேயிருந்து சுஹறா வந்தாள். "உங்கட பெண்சாதி மீனாம்பிகை எண்டைக்காவது உங்களைக் கடலுக்குப் போகாதீங்கண்டு சொல்லியிரிக்காவா, சாமித்தம்பி?"

"அவ சொன்னா நீங்க கறிக்கு என்ன செய்வீங்க, ராத்தா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அன்றைக்குப் பாரைக்குட்டி கறி.

மூன்றாவதாக முதுகுவலி எடுத்துப் பார்த்தேன். பாயை விட்டு எழும்பாமல் காலையிலிருந்து நடுப்பகல் லுஹர் தொழுகை வரை முனகினேன். அவள் எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து, முதுகில் தேய்த்து, மிச்சத்தைப் போத்தலில் விட்டு அடைத்தாள்.

"இதை சூட்கேசில வைக்கிறன். அங்க போய் நோவெடுத்தா ஆரு தேய்க்கிற? நீங்களே தேய்க்கப் பழகுங்க."

"முதுகில நானே எப்பிடித் தேய்க்கிற?"

"சுவரில எண்ணெயைப் பூசிட்டு முதுகைத் தேயுங்க."

அந்த ஒரு வாக்கியத்தில் பழைய சுஹறாவின் வாடை கொஞ்சம் அடித்தது. நான் ஆசையோடு நிமிர்ந்து பார்த்தேன். அவள் உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, "தேத்தண்ணி போடட்டா?" என்றாள்.

அன்று பின்னேரம் நதீரா டேப் ரெக்கோடரை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் இருந்தாள். எனக்குப் பக்கத்தில்தான். ஆனால், கேட்டுக்கொண்டிருந்தது என் பழைய கெசட்டை. "நான் கிட்டத்தான் இரிக்கன்" என்று என் குரல் பேசிக்கொண்டிருந்தது.

"ஏன் மகள் அதைக் கேக்கிறாய்? நான் இஞ்சதானே இரிக்கன். எனக்கிட்டக் கதை."

நதீரா என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க போற வாப்பா. இது இஞ்சயே இரிக்கிற வாப்பா."

எதையாவது சொல்லவேண்டுமே என்று, "நான் போறது கிட்டத்தான். கட்டார் எவ்வளவு தூரம் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும். ரெண்டு நோம்பு தூரம். ரெண்டு நோம்பு மாசம் வந்து போனாத்தான் நீங்க வருவீங்க."

"ஆர் சொன்ன?"

"உம்மா."

குசினியில் ஏதோ கோப்பை விழுந்தது. எழும்பிப் போய்ப் பார்த்தேன். சுஹறா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அடுப்பு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

"ரெண்டு நோம்பு தூரமெண்டு புள்ளைக்கு நீயா சொன்ன?"

"சின்னப்புள்ளைட கதையை ஏன் தூக்கிப் பிடிக்கிறீங்க? கலந்தர் கொழும்பிலயிருந்து வந்திட்டான். உங்கட டிக்கட் அலுவல் எல்லாம் சரியாம். வியாழக்கிழமை அசருக்குப் பிறகு வேன்."

கலந்தர் என் மச்சான். சுஹறாவின் தம்பி. அட்டாளைச்சேனையில் கலியாணம் முடித்து அங்கே வாழ்கிறான். திரும்பிப் போகும் இருக்கையை உறுதிப்படுத்தக் கொழும்புக்கு அவனைத்தான் அனுப்பியிருந்தோம். போகும்போதே பஸ் குடைசாய்ந்து பாதி வழியில் திரும்பி வந்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும், அடிகிடி ஒன்றும் படாமல்தான் குடைசாயச் சொன்னேன்.

கடைசி நம்பிக்கை பயணம் சொல்லப் போவதில் இருந்தது. எங்கள் பக்கத்தில் தூரப் பயணம் போகிறவன் வீடுவீடாகப் போய் ஸலாம் சொல்லி, பிழை ஏதும் செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுவர வேண்டும். எந்த வீட்டிலாவது ஒரு நல்ல மனிசன் "இனி என்னத்துக்குப் போறாய் மீராசா, பெண்டாட்டி புள்ளையோட இரு" என்று சொன்னால், அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்து சுஹறாவிடம் போடலாம். பன்னிரண்டு வீடு ஏறி இறங்கினேன். பன்னிரண்டு வீட்டிலும் பார்சல் தந்தார்கள். மகனுக்கு மாசிச் சம்பல். மருமகனுக்குத் தொதல். ஒரு வீட்டில் முழுதாக ஒரு பலாப்பழம். வரும்போது கொண்டுவரவேண்டிய சாமான்களையும் சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் சரீபா ராத்தா மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். நம்பிக்கை துளிர்த்தது.

"ஏதும் சொல்லோணுமா, ராத்தா?"

"ஒண்டுமில்ல தம்பி. நீங்க ஏதும் சொல்லோணுமா?"

"இல்ல ராத்தா."

"சரி, போங்க" என்றார். ஏமாந்த முகம்போல இருந்தது. எனக்கு அப்போது விளங்கவில்லை.

வியாழக்கிழமை வந்தது. அசர் தொழுதுவிட்டு வந்தபோது அச்சிமுகம்மதுவின் வேன் வாசலில் நின்றது. விமான நிலையத்துக்கு வீட்டோடு எல்லோரும் போய் வழியனுப்புவதுதான் வழக்கம். சுஹறா நல்ல சேலை உடுத்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சூட்கேஸ் வேனில் ஏறிவிட்டது. தெருச்சனம் முற்றத்தில். பள்ளி லெப்பை துஆ ஓதினார். எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். நான் சொன்ன ஆமீன் எனக்கே கேட்கவில்லை.

சுஹறா வந்து என் சட்டைக் காலரை நேராக்கினாள். கை நடுங்குகிறதா என்று பார்த்தேன். நடுங்கவில்லை.

"போய்ச் சேர்ந்த உடனே கெசட் போடுங்க. ரெண்டரை மணித்தியாலம்தானே."

வலது காலை எடுத்து வைக்கவேண்டும். எடுத்தேன். அந்த நேரம் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. நதீரா வெளியே வரவில்லை. உள்ளே கெசட்டைப் போட்டுவிட்டாள். "சுஹறா, நான் சுகமா வந்து சேர்ந்திட்டன்… ரெண்டரை மணித்தியாலம்தான்… நான் கிட்டத்தான் இரிக்கன்…" நல்ல தைரியமான குரல். என் குரல். இந்த வீட்டில் நான் இல்லாத நாலு வருஷமும் அவன் இருந்திருக்கிறான். நான் போனதும் மறுபடி அவன்தான் இருக்கப்போகிறான்.

எடுத்த கால் கீழே இறங்கவில்லை.

"பொய்" என்றேன்.

"என்ன பொய்?" என்றாள் சுஹறா.

"அவன் சொல்றது பொய். கிட்ட இல்ல. சரியான தூரம். எனக்குப் போக ஏலா."

சுஹறாவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"என்ன சொன்னீங்க? சரீபா ராத்தாவுக்குக் கேக்கல்ல."

"எனக்குப் போக ஏலா."

"வேலிக்கு அங்கால நிக்கிற ஆக்களுக்கும் கேக்கோணும்."

"நான் கட்டாருக்குப் போகமாட்டன்" என்று கத்தினேன். தென்னையிலிருந்த காகம் எழும்பிப் பறந்தது.

"உங்களை ஆரு நிக்கச் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல."

"நான் சொன்னனா?"

"இல்ல."

"ஒரு சொல்லாவது?"

"ஒரு சொல்லும் இல்ல."

சுஹறா முற்றத்தின் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் கேட்டீங்கதானே?"

"கேட்டம், கேட்டம்" என்றது தெரு. சரீபா ராத்தாவின் சத்தம்தான் எல்லோருக்கும் மேலே. நிக்காஹ்வுக்கு எனக்கு இரண்டு சாட்சிதான். இதற்கு ஊரே சாட்சி.

அதற்குப் பிறகுதான் சுஹறா சுவர்ப் பக்கம் திரும்பி முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சத்தமே இல்லாமல் அழுதாள். நான் ஒரு கிழமையாகத் தேடித் திரிந்த கண்ணீர். இப்போது எனக்கு அது தேவைப்படவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். எனக்கும் வந்துவிட்டது.

அச்சிமுகம்மது வேனிலிருந்து தலையை நீட்டினான்.

"அப்ப ராத்தா, அட்டாளைச்சேனைக்குப் போறமா இல்லையா? அங்க ஆக்கி வச்சிக்கொண்டு பார்த்திரிப்பாங்க."

"அட்டாளைச்சேனைக்கா?" என்றேன்.

ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் போய் சூட்கேஸைத் திறந்தேன். மேலே சுஹறாவின் சேலை இரண்டு. நதீராவின் பெருநாள் சட்டை. என் சாரம் ஒன்று. ஓரத்தில் முதுகெண்ணெய்ப் போத்தல். பன்னிரண்டு வீட்டுப் பார்சலில் ஒன்றுகூட இல்லை. அவை எல்லாம் சரீபா ராத்தாவின் அறையில் இருந்தன. பலாப்பழத்தை அன்றைக்கே வெட்டிவிட்டார்களாம்.

வேன் காரைதீவைத் தாண்டியபிறகு மெல்லக் கேட்டேன்.

"கலந்தர் டிக்கட் அலுவல் எல்லாம் சரியெண்டானே?"

"சரிதான். அடுத்த கிழமைக்கு மாத்தியிரிக்கான். இண்டைக்கும் நீங்க வாய் திறக்காட்டி, மச்சான் வீட்ட ரெண்டு நாள் இரிந்து தின்னக்கொள்ளயாவது திறப்பீங்க எண்டு பார்த்தன்."

"அப்பயும் திறக்காட்டி?"

"அடுத்த கிழமை அனுப்பியிரிப்பன்." அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நிந்தவூர் வயல்கள் பச்சையாக ஓடின. "அனுப்பிட்டு எப்பிடி இரிந்திரிப்பனோ தெரியா."

"ஒரு சொல்லுத்தானே, புள்ள. போகாதீங்கண்டு சொன்னா என்ன?"

"சொன்னா நிண்டிரிப்பீங்க. மறுகா சாகிற வரைக்கும் கட்டாருக்குப் போயிருந்தா, கட்டாருக்குப் போயிருந்தா எண்டு சொல்லியே என்ட உசிரை வாங்கியிரிப்பீங்க. குருநாகலே எனக்குத் தாங்க ஏலாமப் போச்சு. இது ரெண்டாயிரம் மைல்."

நதீரா என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். டேப் ரெக்கோடரை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"உம்மா, அட்டாளைச்சேனை எவ்வளவு தூரம்?"

"கிட்டத்தான் மகள்" என்றாள் சுஹறா. "போகக்கொள்ள எவ்வளவோ, வரக்கொள்ளயும் அவ்வளவுதான்."

இரண்டு நாள் விருந்து முடிந்து வீட்டுக்கு வந்தோம். பூப்போட்ட பீங்கான் அலுமாரிக்குள் போய்விட்டது. எனக்குப் பழைய தட்டு. மத்தியானம் முதல் கவளத்தை வாயில் வைத்தேன். கறியில் உப்பே இல்லை. குறைவு என்றில்லை, சுத்தமாக இல்லை. பழக்கதோஷம் யாரை விட்டது?

"கட்டாருக்குப் போயி…"

கிடுகு வேலிக்கு மேலால் சரீபா ராத்தாவின் தலை எழும்பியது. நான் வாயை மூடிக்கொண்டேன். சுஹறா அகப்பையோடு குசினி வாசலில் வந்து நின்றாள்.

"என்ன? உப்பில்லையா? கையிரிக்கிதானே, காலிரிக்கிதானே? எழும்பிப் போய் எடுத்துப் போட்டுக்கொள்ள ஏலாதா? நான் என்ன உங்களுக்கு வேலைக்காரியா? வாசலில சேத்துக்கால், சுவரில எண்ணெய்த் தலை, கயிறு இரிக்கக்கொள்ள முற்றத்தில சாரம். நாப்பது நாளா வாயைக் கட்டிக்கொண்டு இரிந்தன். நாளைக்குக் காலத்தால கடையைத் திறக்காட்டித் தெரியும்."

எழும்பிப் போய் உப்பை எடுத்துக்கொண்டேன். அந்தக் கோழியைக்கூட அவள் அவ்வளவு நன்றாக ஏசியதில்லை.